இலை சுருண்டால், செடி வாடினால், பூ உதிர்ந்தால்: வெப்பமான ஊர்களின் வீட்டுத் தோட்டத்துக்கு அறிகுறிவாரியாகப் பிழை நீக்கும் வழி

செடியில் ஏதோ சரியில்லை என்றதும் கை தெளிப்பானைத் தேடும். அங்கேதான் பிழை தொடங்குகிறது. வாடிய செடிக்குப் பூச்சி மருந்தும், பூச்சி அரிக்கும் செடிக்கு உரமும் போய்ச் சேருவதற்குக் காரணம், பார்ப்பதற்கு முன்பே முடிவெடுத்துவிடுவதுதான். கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் காசில்லாமல் சரியாகிற காரணம் முதலில் வருகிறது, செடியைப் பிடுங்க வேண்டிய காரணம் கடைசியில் வருகிறது. அதே வரிசையில் பாருங்கள். நடுவில் எங்கே பொருந்துகிறதோ அங்கே நின்றுவிடலாம்.

## எதற்கும் முன் ஐந்து நிமிடம்

தேவை: 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், ஒரு வெள்ளைத் தாள், ஒரு சிறு கத்தி. நேரம்: காலை 7 மணிக்குள். மதிய வெயிலில் எல்லாச் செடியும் நோயாளி போலத்தான் தெரியும்.

- விரலை இரண்டாவது கணு வரை மண்ணில் விட்டுப் பாருங்கள். மேல்மண் காய்ந்து அடியில் சேறாக இருப்பது தொட்டிகளில் சாதாரணம்.
- துளிர் இலையைத் திருப்பி அடிப்பக்கத்தை லென்ஸில் பாருங்கள். பூச்சிகளில் பெரும்பாலானவை அங்கேதான் குடியிருக்கும்.
- துளிரை வெள்ளைத் தாள்மேல் நான்கைந்து முறை தட்டுங்கள். தாளில் நகர்வதைப் பாருங்கள்.
- கோளாறு மேல் இலையிலா, அடி இலையிலா? ஒரு செடியிலா, வரிசை முழுவதுமா? ஒரே நாளில் எல்லாச் செடியிலும் ஒரே மாதிரி வந்தால் அது பெரும்பாலும் பூச்சியல்ல. தண்ணீர், வெயில், உரம், அல்லது நேற்று அடித்த மருந்து.

## அறிகுறி: இலை சுருளுகிறது

மிளகாயிலும் தக்காளியிலும் திரும்பத் திரும்ப வருவது இதுதான். குழப்பமும் இதில்தான் அதிகம். சுருளும் திசையைப் பாருங்கள், பாதி விடை கிடைத்துவிடும்.

### அடி இலைகள் மேல்நோக்கிச் சுருண்டு தடிப்பாக உள்ளன, துளிர் நன்றாக இருக்கிறது

தக்காளியில் இது வெயிலுக்கான பதில். வெப்பம் ஏறும்போதும், ஒரேயடியாகப் பக்கக் கிளைகளைக் கிள்ளும்போதும் அடி இலைகள் குழலாகச் சுருளும். விளைச்சலைப் பெரிதாகப் பாதிக்காது. 35 முதல் 50 விழுக்காடு நிழல்வலை, காலையில் ஆழ நீர், 5 செ.மீ. மூடாக்கு (மண்மேல் சருகு, வைக்கோல் போர்வை) போதும். மருந்து வேண்டாம்.

### துளிர் இலை ஓரம் மேல்நோக்கி மடிந்து படகு போல் ஆகிறது

மிளகாயில் இது இலைப்பேன். தாளில் தட்டினால் 1 மி.மீ. நீளத்தில் வைக்கோல் நிறக் கோடு போல் ஓடும். இலையின் அடியில் வெள்ளி போன்ற மினுமினுப்பும் பழுப்புத் தழும்பும் இருக்கும். வறண்ட வெயில் காலத்தில் எண்ணிக்கை ஏறும், நல்ல மழை பெய்தால் சரியும். மழை செய்வதை நீங்களும் செய்யலாம்: மூன்று நாள் தொடர்ந்து காலையில் இலையின் அடிப்பக்கத்தில் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சுங்கள். பிறகு வேப்பெண்ணெய்க் கரைசல் (செய்முறை கீழே கலவைப் பகுதியில்), 5 நாள் இடைவெளியில் மூன்று முறை. நீல ஒட்டும் அட்டையைச் செடியின் தலைமட்டத்தில் தொங்கவிடுங்கள். அது எண்ணிக்கையைக் காட்டும் கருவி, தனியாகக் கட்டுப்படுத்தாது.

இலைப்பேன் கூட்டுப்புழுவாவது பெரும்பாலும் மண்ணிலும் சருகிலும். மேல்மண்ணை 2 செ.மீ. ஆழம் கிளறிச் சருகை அகற்றாமல் இலைக்கு மட்டும் அடித்தால், இரண்டு வாரத்தில் அடுத்த தலைமுறை மேலே ஏறி வரும்.

### இலை கீழ்நோக்கிக் கவிழ்கிறது, காம்பு நீள்கிறது, இலை குறுகித் தடிக்கிறது

இது முரணைச் சிலந்தி. பூச்சி இனமே அல்ல, எட்டுக்கால் வகை. வெறுங்கண்ணுக்குத் தெரியாது, லென்ஸிலும் பொறுமை வேண்டும். துளிரின் அடிப்பக்க நரம்பு ஓரம் கண்ணாடி போல் மங்கிய மஞ்சளில் நகரும் புள்ளிகளைத் தேடுங்கள். ஈரக் காற்றும் வெதுவெதுப்பும் சேர்ந்தால் ஒரு வாரத்துக்குள் ஒரு தலைமுறை முடிந்துவிடும்.

இங்கேதான் அதிகம் தவறு நடக்கிறது. இலைப்பேனுக்கான பூச்சிக்கொல்லிகள் பல சிலந்தியைக் கொல்லா. சிலந்தியைத் தின்னும் நல்ல உயிரிகளைக் கொன்று, நிலைமையை மோசமாக்கும். செய்ய வேண்டியது: கவிழ்ந்த நுனிகளைக் கிள்ளிப் பையில் போட்டு அகற்றுவது, பிறகு நனையும் கந்தகம் (நீரில் கலந்து தெளிக்கும் கந்தகத் தூள்) லிட்டருக்கு 2 கிராம், மாலையில், 7 நாள் இடைவெளியில் இரண்டு முறை. வெப்பம் 32 டிகிரிக்கு மேல் இருக்கும் நாட்களில் கந்தகம் இலையைக் கருக்கும். வேப்பெண்ணெய் அடித்திருந்தால் 14 நாள் கழித்தே கந்தகம். கந்தகத்துக்குப் பிறகு எண்ணெய்க்கும் அதே கணக்கு.

### இலை ஓரம் மஞ்சளாகிக் கருகி மேலே மடிகிறது

வெண்டையிலும் கத்தரியிலும் தத்துப்பூச்சி. இலையைத் தொட்டதும் பக்கவாட்டில் நடந்து தத்திப் பறக்கும் பச்சைப் பூச்சி. வேப்பங்கொட்டைச் சாறு வாரம் ஒருமுறை, மூன்று வாரம்.

### இலை சிறுத்து, நெளிந்து, செடி குட்டையாக நின்றுவிட்டது. லென்ஸில் எதுவும் இல்லை

வைரஸ். தக்காளி, மிளகாயில் இலைச்சுருட்டு நோயையும் வெண்டையில் நரம்பு மஞ்சள் தேமலையும் பரப்புவது வெள்ளை ஈ. இதற்கு மருந்து கிடையாது. புளித்த மோரோ பஞ்சகவ்யமோ வேறு எதுவோ செடிக்குள் போன வைரஸை வெளியேற்றாது. செடியைப் பையால் மூடி, வேரோடு பிடுங்குங்கள். மூடாமல் பிடுங்கினால் அதன்மேல் இருக்கும் வெள்ளை ஈ எழுந்து பக்கத்துச் செடியில் உட்காரும். மீதிச் செடிகளுக்கு மஞ்சள் ஒட்டும் அட்டை, வாரம் ஒரு வேப்பெண்ணெய். அடுத்த முறை நாற்றை வலைக்குள் வளர்ப்பது, வெண்டையில் நோய் தாங்கும் ரகத்தைத் தேர்வது ஆகியவைதான் வழி.

ஒரு குறிப்பு: சுருண்ட இலை மருந்தால் நிமிராது. பூச்சி போய்விட்டாலும் அந்த இலை அப்படியேதான் இருக்கும். இதைப் பார்த்துவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்று வீரியத்தைக் கூட்டுபவர்கள் அதிகம். 10 முதல் 14 நாள் கழித்து வரும் புதுத்துளிரைப் பாருங்கள். அது சமமாக விரிந்தால் வேலை முடிந்தது.

## அறிகுறி: செடி வாடுகிறது

### மதியம் தொங்கி, மாலையில் நிமிர்கிறது

பெரிய இலைக்காரர்களான பூசணி, கத்தரிக்கு இது பழக்கம். காலையில் நிமிர்ந்திருந்தால் விடுங்கள். அந்த நேரத்தில் தண்ணீர் ஊற்றி ஊற்றித்தான் வேர் அழுகுகிறது. கறுப்புத் தொட்டியாக இருந்தால் வெயில் படும் பக்கத்தைச் சாக்கால் மறையுங்கள். சூடான சுவரை ஒட்டிய வேர் முதலில் சாகும்.

### தினமும் ஊற்றியும் வாடுகிறது, தொட்டி கையில் இலேசாக இருக்கிறது

முழுதாக ஒருமுறை காய்ந்த தென்னை நார்க் கழிவு தண்ணீரை எளிதில் ஏற்காது. ஊற்றியது ஓரத்தில் இறங்கி அடித்துளை வழியே ஓடிவிடும். தொட்டியின் அடிப்பாதியை வாளித் தண்ணீரில் 30 நிமிடம் வையுங்கள். பிறகு மேலே மூடாக்கு.

### மண் ஈரமாக இருக்கிறது, ஆனாலும் வாடுகிறது

மழைக்கால வாடலில் பெரும்பங்கு இது. அடித்துளை அடைத்திருக்கிறதா, தொட்டி தரையோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். செங்கல் துண்டுகள் வைத்து 3 செ.மீ. உயர்த்துங்கள். செடியைச் சற்றுச் சாய்த்து வேரைப் பாருங்கள்: வெள்ளையாக உறுதியாக இருந்தால் நலம். பழுப்பாகி, இழுத்தால் தோல் மட்டும் கையோடு வந்தால் அழுகல். பாதிக்கு மேல் அழுகியிருந்தால் மீட்க முயல வேண்டாம். குறைவாக இருந்தால் அழுகியதை வெட்டி, புதுக் கலவையில் நட்டு, சூடோமோனாஸ் (வேர் நோயை அடக்கும் நன்மை பாக்டீரியாப் பொடி) லிட்டருக்கு 10 கிராம் கலந்து வேரில் ஊற்றி, நிழலில் ஒரு வாரம்.

நாற்றுகள் தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் மெலிந்து சாய்ந்தால் அது நாற்றழுகல். சாய்ந்தது போனதுதான். மீதி நாற்றுக்குத் தண்ணீரைக் குறைத்து இடைவெளி கொடுங்கள்.

### இலை மஞ்சளாகாமலே, பச்சையாகவே, இரண்டு மூன்று நாளில் முழுச்செடியும் தொங்குகிறது

தக்காளி, கத்தரி, மிளகாயில் பாக்டீரியா வாடலைச் சந்தேகியுங்கள். டம்ளர் சோதனை: தரையை ஒட்டிய தண்டில் 5 செ.மீ. துண்டு வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த நீரில் நுனி மட்டும் தொடும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால் போன்ற இழை கீழே இறங்கினால் பாக்டீரியா. இழை வரவில்லை, தண்டைக் கீறினால் உள்ளே பழுப்புக் கோடு இருக்கிறது என்றால் பூஞ்சாண வாடல்.

இரண்டுக்குமே செடியை மண்ணோடு அகற்ற வேண்டும். உரக்குழிக்கு அனுப்பாதீர்கள். அந்த மண்ணில் குறைந்தது இரண்டு ஆண்டு தக்காளிக் குடும்பம் வேண்டாம். கத்தியை மருந்துக்கடை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டுத்தான் அடுத்த செடி.

### வளர்ச்சி நின்று, உரம் போட்டும் தேறாமல், மதியம் வாடுகிறது

பிடுங்கிப் பார்த்தால் வேரில் மணி மணியாக முடிச்சு: நூற்புழு. பயறு வகைகளின் வேரிலும் முடிச்சு இருக்கும், அது நல்லது. விரலால் தட்டினால் உதிரும், உள்ளே இளஞ்சிவப்பு. நூற்புழு முடிச்சு வேரே வீங்கியது, உதிராது. உச்ச வெயில் மாதத்தில் மண்ணை நனைத்து, நிறமற்ற நெகிழித் தாளால் இறுக்கி மூடி 4 முதல் 6 வாரம் விடுங்கள். கறுப்புத் தாள் அந்த அளவுக்கு மண்ணைச் சூடாக்காது. பிறகு தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு, அடுத்த பயிராகச் செண்டுமல்லி.

### கத்தரியில் நுனித்தண்டு மட்டும் தொங்குகிறது

தண்டுத் துளைப்பான். தொங்கும் இடத்துக்கு 3 செ.மீ. கீழே வெட்டி, பிளந்து பாருங்கள், இளஞ்சிவப்புப் புழு இருக்கும். வாரம் இருமுறை இப்படி வெட்டினாலே காய்க்குப் போகும் புழு குறையும். புழு உள்ளே போன பிறகு மேலே அடிக்கும் எந்த மருந்தும் அதைத் தொடாது.

## அறிகுறி: இலை மஞ்சளாகிறது

அடி இலை சீராக மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு, அல்லது அதிக நீரால் வேர் திணறுகிறது. மண்ணைத் தொட்டுப் பார்த்தே பிரிக்கலாம். நீர் சரியாக இருந்தால் 15 லிட்டர் தொட்டிக்கு 200 கிராம் மண்புழு உரம்.

அடி இலையில் நரம்பு பச்சை, இடைப்பகுதி மட்டும் மஞ்சள்: மெக்னீசியம். எப்சம் உப்பு லிட்டருக்கு 5 கிராம், இலைமேல், 10 நாள் இடைவெளியில் இரண்டு முறை. அதே கோலம் துளிர் இலையில் வந்தால் இரும்பு. மண்ணில் இரும்பு இருந்தும் காரத்தன்மை ஏறியதால் வேர் எடுக்க முடியாமலும் இருக்கலாம். ஆணி புதைப்பதால் பயனில்லை. கீலேட் வடிவ இரும்பு (செடி எளிதில் எடுக்கும்படி ஆக்கியது) லிட்டருக்கு 1 கிராம் இலைமேல் தெளியுங்கள், பாசன நீரின் கார அமில நிலையையும் ஒருமுறை சோதியுங்கள்.

தொட்டி விளிம்பில் வெள்ளைப் படலமும் இலை நுனியில் கருகலும் சேர்ந்திருந்தால் உப்பு. தொட்டியின் கொள்ளளவில் மூன்று மடங்கு நல்ல நீரை மெதுவாக ஊற்றி வடிய விடுங்கள். அந்த மாதம் உரம் வேண்டாம்.

இலை முழுக்க ஊசி குத்தியது போல் மஞ்சள் புள்ளி, அடியில் மெல்லிய வலை: சிவப்புச் சிலந்தி. மூன்று நாள் நீர்ப்பீய்ச்சல்தான் முதல் மருந்து. வறட்சியே அதன் பலம்.

## அறிகுறி: பூ உதிர்கிறது, காய் பிடிக்கவில்லை

முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். பகல் 35 டிகிரிக்கு மேலும் இரவு 24 டிகிரிக்கு மேலும் தொடர்ந்தால் தக்காளியின் மகரந்தம் வலுவிழக்கும், பூ உதிரும். அதற்கு டானிக் கிடையாது. நிழல்வலை ஓரளவு உதவும். வெப்பம் இறங்கியதும் தானாகக் காய்க்கும். அதுவரை செடியை உயிரோடு வைத்திருப்பதே வேலை.

செடி கருகருவென்று தழைத்துப் பூவே குறைவாக இருந்தால் தழைச்சத்து மிகுதி. சாண உரத்தையும் மீன் அமிலத்தையும் நிறுத்துங்கள்.

சுரை, பாகல், பூசணியில் முதல் இரண்டு மூன்று வாரம் ஆண் பூ மட்டும் வந்து உதிர்வது இயல்பு. அடியில் குட்டிக் காயோடு வருவதே பெண் பூ. அந்தக் குட்டிக் காய் மஞ்சளாகிக் கருகினால் மகரந்தம் சேரவில்லை. பூசணி, பாகலுக்குக் காலை 9 மணிக்குள், சுரை, பீர்க்குக்கு மாலையில் பூ விரிந்ததும், ஆண் பூவின் இதழைக் கிழித்துவிட்டு, நடுவில் உள்ள மகரந்தத் தண்டைப் பெண் பூவின் சூல்முடியில் தடவுங்கள்.

## அறிகுறி: காயில் கோளாறு

தக்காளியின் அடிப்பாகம் கறுத்துக் குழிகிறது. நோயல்ல, காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேரவில்லை. பெரும்பாலும் ஒரு நாள் வறட்சி, மறுநாள் வெள்ளம் என்ற பாசனத்தின் விளைவு. கறுத்த காய்களைப் பறித்துவிட்டு, தினமும் ஒரே நேரம் ஒரே அளவு நீர் விடுங்கள். முட்டை ஓடு மட்கிப் பயன்தர மாதங்கள் ஆகும், இந்தக் காய்ப்புக்கு உதவாது.

காய் வெடிக்கிறது. அதே காரணம். நிறம் மாறத் தொடங்கியதும் பறித்து உள்ளே பழுக்க வையுங்கள்.

பாகல், புடல், பீர்க்கு வளைந்து, குத்திய தழும்போடு மஞ்சளாகி அழுகுகிறது. பழ ஈ. முட்டை தோலுக்குள்ளே இருப்பதால் தெளிப்பது வீண். காய் விரல் நீளம் ஆனதும் காகிதப் பையால் மூடிக் கட்டுங்கள். விழுந்த காயைக் கறுப்புப் பையில் கட்டி ஒரு வாரம் வெயிலில் போடுங்கள். மண்ணில் விட்டால் அங்கேயே கூட்டுப்புழுவாகும்.

## அறிகுறி: வெள்ளைப் பஞ்சு, பிசுபிசுப்பு, கரி போன்ற படலம்

மூன்றும் ஒரே கதை. மாவுப்பூச்சியோ அசுவினியோ சாற்றை உறிஞ்சித் தேன் போன்ற கழிவை விடுகிறது, அதன்மேல் கரும்பூசணம் படர்கிறது, அந்தத் தேன் கழிவை உண்ண எறும்பு வந்து பூச்சிக்குக் காவல் நிற்கிறது. எறும்பை நிறுத்தாமல் தொடங்காதீர்கள். தண்டைச் சுற்றி அகலக் காகிதப் பட்டை கட்டி அதன்மேல் கிரீஸ் தடவுங்கள். தண்டில் நேராகத் தடவ வேண்டாம். தொட்டி சுவரையும் பக்கத்துக் கிளையையும் தொடாமல் நகர்த்துங்கள்.

மாவுப்பூச்சி கொஞ்சமாக இருந்தால் ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் ஒற்றி எடுங்கள். அதிகமானால் நீர்ப்பீய்ச்சி மெழுகைக் கலைத்துவிட்டு, மறுநாள் சோப்பும் வேப்பெண்ணெயும். மெழுகு இருக்கும்போது அடித்தால் உருண்டு ஓடிவிடும். ஓயாமல் திரும்பி வந்தால் தொட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள், வேரிலும் உட்சுவரிலும் பஞ்சு இருக்கலாம்.

அசுவினிக் கூட்டத்தில் பொறிவண்டோ, முதலை போன்ற அதன் புழுவோ கண்ணில் பட்டால் ஐந்து நாள் கைகட்டி இருங்கள்.

## அறிகுறி: இலைமேல் வெள்ளை மாவு, இலையில் ஓட்டை, பாம்புக் கோடு

துடைத்தால் போகும் வெள்ளை மாவு சாம்பல் நோய். அடி இலைகளை வெட்டிக் காற்றோட்டம் கொடுத்து, நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம்; வெப்ப விதி முன் சொன்னதே.

ஓட்டையும் பக்கத்தில் கரும்பச்சை எச்சமும் இருந்தால் புழு. இரவு டார்ச்சோடு போய்ப் பொறுக்குவதே சிறந்தது. முடியாவிட்டால் பி.டி. (பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்) நுண்ணுயிர்ப் பொடி லிட்டருக்கு 1 முதல் 2 கிராம், மாலையில். சிறு புழுவுக்குத்தான் நன்றாக வேலை செய்யும். ஓட்டையோடு வெள்ளிக்கோடு தெரிந்தால் நத்தை. ஈரச்சாக்கு விரித்து வைத்துக் காலையில் அடியில் இருப்பதைக் கையுறையோடு எடுங்கள்.

பாம்புக் கோடு இலைத்துளைப்பான். நான்கைந்து இலையைக் கிள்ளிவிட்டு மறந்துவிடுங்கள்.

## கலவை ஏன் வேலை செய்யவில்லை

வேப்பெண்ணெய்: லிட்டருக்கு 5 மி.லி., திரவ சோப்பு 1 முதல் 2 மி.லி. சோப்பை அரை டம்ளர் வெதுவெதுப்பான நீரில் கரைத்து, எண்ணெயைச் சிறிது சிறிதாக விட்டுப் பால்போல் ஆக்கிய பிறகு மீதி நீர். எண்ணெய் மேலே மிதந்தால் கலவை தோற்றது. அடித்தால் ஓர் இலை கருகும், இன்னோர் இலை தப்பும். துணி துவைக்கும் தூள் வேண்டாம். கலந்ததை அன்றே தீருங்கள்.

வேப்பங்கொட்டைச் சாறு: 50 கிராம் பருப்பை இடித்து, துணியில் கட்டி, 1 லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்துப் பிழிந்து, 1 மி.லி. சோப்பு. பழைய, பூசணம் பிடித்த கொட்டை வீண்.

இரண்டையும் மாலையில், இலையின் அடிப்பக்கம் நனையும்படி. முதலில் இரண்டு இலைக்கு அடித்து ஒரு நாள் பொறுங்கள். வாடிய செடிக்கு அடிக்காதீர்கள், நீர் ஊற்றித் தேறிய பிறகே. ஒருமுறை அடித்து நிறுத்துவது வழக்கமான தோல்வி: அன்று முட்டையாக இருந்தது அடுத்த வாரம் பூச்சி.

## எப்போது ஆளைக் கூப்பிடுவது

- மூன்று சுற்று சரியாகச் செய்தும் புதுத்துளிரில் மாற்றம் இல்லை. அல்லது ஒரு வாரத்தில் மூன்றுக்கு மேற்பட்ட செடிகள் பச்சையாகவே வாடின. வேளாண் அலுவலரிடமோ பயிர் மருத்துவரிடமோ காட்டுங்கள்.
- எல்லாத் தொட்டியிலும் துளிர் வெளுக்கிறது, இரும்பும் உதவவில்லை: மண்ணையும் நீரையும் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.
- தென்னை, மா போன்ற மரத்தில் துளையிலிருந்து பழுப்புச் சாறு, மரத்தூள், உள்ளே கொறிக்கும் ஒலி: அன்றே மரம் அறிந்தவரை அழையுங்கள். ஏறிப் பார்க்காதீர்கள்.
- கரையான் மண்பாதை தோட்டத்திலிருந்து வீட்டுச் சுவருக்குப் போகிறது: உரிமம் பெற்ற கட்டுப்பாட்டாளர்.
- இரசாயன மருந்து அடித்தபின் தலைசுற்றல், வாந்தி, கண் மங்கல்: மருந்துப் புட்டியின் சீட்டோடு நேராக மருத்துவமனை.

மாதிரி எடுக்கும் விதம் முக்கியம். செத்த செடியைக் கொண்டுபோனால் யாராலும் எதுவும் சொல்ல முடியாது. பாதி வாடிய ஒரு செடியை வேர்மண்ணோடு, நலமான ஒரு செடியின் கிளையோடு, தனித்தனிக் காகிதத்தில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். நெகிழிப் பையில் வியர்த்து வழியிலேயே அழுகிவிடும். கடந்த மூன்று வாரத்தில் என்ன உரம், என்ன மருந்து, எந்தத் தேதி என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். முதலில் கேட்கப்படும் கேள்வி அதுதான்.